மூன்றாவது திரை

நான் ஏழு வருஷம் வேலை பார்த்த ஆலையில் கைபேசிக்குள் போகிற சின்னச் சின்ன உறுப்புகள் செய்வார்கள். ஒவ்வொன்றும் எள்ளளவுதான் இருக்கும். தலைமுடிக்குள் செருகிக்கொண்டு போனால்கூட வெளியே தெரியாது. அதனால் ஷிப்ட் முடிந்து போகிற ஒவ்வொருவரையும் கையால் தடவிச் சோதித்துவிட்டுத்தான் வெளியே விடுவார்கள். பெண்கள் வாசலில் அந்தச் சோதனையைச் செய்தவர்களில் மூத்தவளைத்தான் நாங்கள் கிளவுஸ் அக்கா என்று கூப்பிட்டோம். மெல்லிய வெள்ளைக் கையுறை இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

வாசலில் மூன்று துணித் திரைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு காவலாளி. அக்காவின் திரைக்குள் போனதும் அவள் உடனே தொட மாட்டாள். "தொடட்டுமா?" என்று கேட்பாள். நாம் தலையாட்டிய பிறகுதான் கை வரும். கழுத்துப் பட்டை, அக்குள், இடுப்பு, கால், செருப்பு. மொத்தம் பன்னிரண்டு வினாடி. ஒரு நாளைக்கு இருநூறு பேரிடம் இருநூறு தடவை அதே கேள்வியைக் கேட்பாள். "எதுக்கு அக்கா இத்தனை தடவை கேக்குறீங்க? நாங்க வேணாம்னா சொல்லப் போறோம்?" என்று ஒருநாள் கேட்டேன். "சொல்ல மாட்டீங்க. ஆனா கேக்கணும்ல" என்றாள்.

அந்தக் கைக்குத் தெரியாத ரகசியம் கிடையாது. புதுசாகக் கல்யாணமான ஒருத்தியின் இடுப்பைத் தொட்டுவிட்டு, "வீட்டுக்காரருக்குச் சொல்லிட்டியா, இல்ல நான்தான் முதல் ஆளா?" என்று காதோடு கேட்டாளாம். முதுகில் காயத்தோடு வந்தவள் ஒருத்தி. அவளை மட்டும் அக்கா ஒரு மாதம் வரை கை படாமலே அனுப்பினாள். வெளியே ஒரு வார்த்தை வந்ததில்லை.

அங்கே திரை வந்த கதையைச் சொன்னால்தான் மற்றது புரியும். பதினாலு வருஷத்துக்கு முன்னால் பெண்கள் வாசலிலும் ஆண் காவலாளிகள்தான் நின்றார்கள். கையில் ஒரு கருவிக் கோலை வைத்துக்கொண்டு உடம்பு முழுக்க ஓட்டுவார்கள். உலோகம் இருந்தால் அது கத்தும். உள்ளாடைக் கொக்கிக்கும் கத்தும். கத்தியபோதெல்லாம் காவலாளி சிரித்துக்கொண்டே, "மறுபடி பாத்துடலாம்" என்பான். அக்கா அப்போது பற்றவைக்கும் பிரிவில் சாதாரணத் தொழிலாளி. ஒருநாள் அவளுக்கு முன்னால் நின்ற பெண்ணிடம் அவன் நாலாவது தடவையாகக் கோலை ஓட்டினான். அக்கா அந்தக் கோலைப் பிடுங்கித் தரையில் வைத்துவிட்டு, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பின்னால் நின்ற நாற்பது பேரும் உட்கார்ந்தார்கள். மூன்று நாள் உட்கார்ந்தார்கள். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது: பெண்களைப் பெண்களே சோதிப்பார்கள், திரைக்குள் வைத்து. "அப்போ நீயே செய்" என்று கோபத்தில் அக்காவையே காவல் பிரிவுக்குத் தள்ளினார்கள். தண்டனையாகத்தான் கொடுத்தார்கள். அவள் அதைப் பதவியாக எடுத்துக்கொண்டாள்.

அந்தத் திரை வெறும் பச்சைத் துணிதான். ஆனால் அதற்குள் நின்றவர்களுக்கு அது சுவர்.

போன வருஷம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். ஒருவர் தன்னை ஆண் என்றோ பெண் என்றோ எப்படி எழுதித் தருகிறாரோ, அதுவே ஆலையின் ஏடுகளில் இருக்கும். மருத்துவர் சான்று, உடம்பைப் பற்றிய கேள்வி எதுவும் கூடாது. நாடு முழுக்க இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருந்த சமயம் அது. தொலைக்காட்சியில் நாலு பேர் உட்கார்ந்து ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து கத்துவார்கள். எங்கள் வீட்டில் அதை வைத்துவிட்டுக் காய் நறுக்குவோம். நமக்கு என்ன என்றுதான் நினைத்தோம்.

தாள் ஒட்டிய மூன்றாவது வாரம் காவலாளி ஒருத்தி ஆண்கள் வாசலில் இருந்து எங்கள் வாசலுக்கு வந்தாள். முப்பத்திரண்டு வயது இருக்கும். திருநங்கை. நல்ல உயரம், அகலமான தோள், மணிக்கட்டு வரை இறுக்கிப் பொத்தான் போட்ட காவல் சட்டை. முதல் நாளே எல்லோர் முன்னாலும், "என்னை நெட்டைன்னே கூப்பிடுங்க. நீங்க வேற ஏதாச்சும் பேர் வைக்கிறதுக்கு முன்னாடி நானே வச்சுக்கறேன்" என்றாள். சிரித்தோம். பெயர் ஒட்டிக்கொண்டது.

வந்த புதிதில் அவளுக்குப் பைகளைச் சோதிக்கிற மேசை. அதில் யாருக்கும் எந்தப் பிணக்கும் இல்லை. ஆனால் காவலாளிகளும் வீட்டுக்குப் போகும்போது சோதனைக்கு நிற்க வேண்டும். ஒருத்தரை ஒருத்தர் சோதித்துக்கொள்வார்கள். வந்த முதல் நாள் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு நெட்டை கைப்பையை மேசையில் வைத்துவிட்டு, முதல் திரைக்குள் போய்க் கைகளை விரித்து நின்றாள். உள்ளே இருந்தது அக்கா.

இதை அக்கா பின்னால் என்னிடம் சொன்னாள். "பதினாலு வருஷத்துல எனக்குக் கேள்வி கேட்டுத்தான் பழக்கம். அன்னிக்குத்தான் எனக்கு ஒரு கேள்வி வந்துச்சு. என்னை யார் கேட்டாங்க? மேலிடத்துல ஒருத்தர் தாளை ஒட்டிட்டுப் போயிட்டார். என் கை எங்க போகணும்னு அந்தத் தாளே முடிவு பண்ணிடுச்சு." நெட்டை கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அக்கா, "தொடட்டுமா?" என்றாள். நெட்டை கண்ணைத் திறந்தாள். "என்னை யாரும் இப்படிக் கேட்டதில்ல அக்கா" என்றாள். அக்காவின் கை நடுங்கியது. பன்னிரண்டு வினாடியில் முடித்தாள். அன்று வீட்டுக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாளாம். கழுவிக்கொண்டிருக்கும்போதே தன் மேலேயே அருவருப்பு வந்ததாம். எதற்காகக் கழுவினோம் என்று இன்றுவரை அவளுக்குப் பதில் கிடைக்கவில்லை.

மறுநாளில் இருந்து இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். நெட்டை ஆண்கள் வாசலில் பட்டதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். சோதிக்கிற சாக்கில் மூன்று பேர் சேர்ந்து அவளைச் சுவரோரம் தள்ளியது. புகார் கொடுத்தபோது மேலதிகாரி, "உனக்கு என்ன போச்சு?" என்று கேட்டது. சொல்லிவிட்டு டப்பாவை மூடிக்கொண்டு, "எல்லாம் செரிச்சாச்சு" என்பாள். ஒருநாள் அக்கா நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டியே? நாளைக்கு ஒரு கேடுகெட்டவன் நானும் பொம்பளைதான்னு எழுதிக் குடுத்துட்டு இங்க வந்து நின்னா? அவனை என்ன சொல்லித் தடுக்கிறது? தாள்ல அதுக்கு வழி இல்லையே."

நெட்டை டப்பாவை ஓரமாகத் தள்ளினாள். பிறகு சொன்னாள். "எழுதுறதுக்கு ஒரு நிமிஷம் அக்கா. வாழ்றதுக்கு எனக்கு முப்பது வருஷம் ஆச்சு. அப்படி ஒருத்தன் வந்தா நானும்தான் பயப்படுவேன். உங்களை விட அதிகமாவே. ஆனா அவன் பண்ணப்போற தப்புக்கு இப்பவே என்னை ஏன் கூண்டுல ஏத்துறீங்க?"

"உன்னை ஏத்தல. வழியைக் கேக்குறேன்."

"வழி எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் பை மேசையில உக்காந்திருக்கேன்?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். அதற்குமேல் அந்தப் பேச்சு போகவில்லை.

இப்போது அக்காவின் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளும் எங்கள் ஆலைதான், பற்றவைக்கும் பிரிவு. அக்காவை விட எட்டு வயது சின்னவள். புருஷனை விட்டுவிட்டு அஞ்சு வருஷமாக அக்கா வீட்டில் இருந்தாள். அந்தப் புருஷன் அவளை என்ன செய்தான் என்று யாரும் முழுசாகச் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. ஒன்று மட்டும் தெரியும். அக்காவின் வீட்டுக்காரர் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர், ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனுஷர். அவர் சொந்த வீட்டுக்குள் நடக்கும்போதே இருமிக்கொண்டுதான் நடப்பார். பின்னால் இருந்து சத்தமில்லாமல் ஓர் ஆண் வந்துவிட்டால் தங்கை உறைந்துபோவாள். அதற்காகவே அவர் அந்த இருமலைப் பழகிக்கொண்டார். தெரியாதவர்கள் அவருக்கு நெஞ்சுச் சளி என்று மருந்து சொல்வார்கள்.

மூன்றாவது திரையில் இருந்த காவலாளி பிரசவ விடுப்பில் போனாள். இரண்டு வரிசையாகச் சுருங்கியதும் சோதனை முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஆலைப் பேருந்துகள் காத்திருக்கவில்லை. தவறவிட்டவர்கள் வெயிலில் நாலு கிலோமீட்டர் நடந்தார்கள். சத்தம் எழுந்தது. எச்.ஆர். மேடம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நெட்டையை மூன்றாவது திரைக்குள் நிறுத்தினாள். பயிற்சி முடித்தவள், ஏட்டில் பெண், ஆள் தேவை. தாளின்படி எல்லாம் சரி. யாரையும் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

முதல் இரண்டு நாள் சில இளம்பெண்கள் சாதாரணமாக அங்கே போனார்கள். "அவங்க கை பூ மாதிரி இருக்கு" என்று ஒருத்தி சொன்னாள். பெரும்பாலோர் மற்ற இரண்டு வரிசைகளில் நீளமாக நின்றார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை, வரிசையே சொன்னது. நானும் நீள வரிசையில்தான் நின்றேன். காரணம் கேட்டிருந்தால் இந்தப் பக்கம் நிழல் என்று சொல்லியிருப்பேன்.

மூன்றாம் நாள் மேற்பார்வையாளர் பொறுமை இழந்து, வரிசையை அவரே பிரித்தார். "நீ அங்க, நீ இங்க" என்று தோளைத் தொட்டுத் தள்ளாத குறையாக அனுப்பினார். தங்கை மூன்றாவது திரைக்குள் போய்விட்டாள். தலையைக் குனிந்து நடக்கிறவள், யார் உள்ளே என்று பார்க்கவில்லை. நிமிர்ந்தபோது முன்னால் நெட்டை நின்றாள். நெட்டை அக்காவிடம் கற்றுக்கொண்ட மாதிரியே, "தொடட்டுமா?" என்றாள். குரல் ஆண் குரல். தங்கையால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை. மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நெட்டை கழுத்துப் பட்டையில் கை வைத்தாள்.

வெளியே நின்ற எங்களுக்கு ஒரு சத்தம்தான் கேட்டது. அலறல்கூட இல்லை, மூச்சு உள்ளே போகிற சத்தம். திரை கிழிந்தது. தங்கை செருப்பில்லாமல் வாசலைத் தாண்டி ஓடினாள். சோதனை முடியாமல் ஆள் வெளியே போனதால் எச்சரிக்கை மணி அடித்தது. நெட்டை கிழிந்த துணியைக் கையில் பிடித்தபடி, "நான் ஒண்ணும் செய்யல... நான் ஒண்ணும் செய்யல அக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சோதனைக்கு மறுத்து ஓடியதற்காகத் தங்கையை வேலையில் இருந்து நிறுத்தி வைத்தார்கள்.

வீட்டில் அன்று அக்காவுக்கும் தங்கைக்கும் நடந்தது சண்டையா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"அவ நல்லவடி. நான் தினம் அவகூட உக்காந்து சாப்பிடறேன். எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா.

"நல்லவளாவே இருக்கட்டும். நான் இல்லைன்னு சொன்னேனா? என் மனசு அவளைப் பொம்பளைன்னு ஒத்துக்கும் அக்கா. என் உடம்புக்கு அது தெரியலையே. உடம்புக்கு நான் எந்தத் தாளைக் காட்டிப் புரியவைக்கிறது?"

"அவ என்ன பண்ணுவா அதுக்கு?"

"நான் மட்டும் என்ன பண்ணுவேன்? அந்தத் திரையை யாருக்காகக் கட்டினே நீ? எங்களுக்காகத்தானே? இப்ப அதுக்குள்ள யார் நிக்கணும்னு எங்களைத் தவிர எல்லாரும் முடிவு பண்றாங்க."

பதினாலு வருஷத்துக்கு முன்னால் அவளே நிர்வாகத்திடம் கேட்ட கேள்வி அது.

இரண்டே நாளில் விஷயம் ஆலைச் சுவரைத் தாண்டிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தொழிற்சங்கச் செயலாளர் ஒரு மனு தயார் செய்து கொண்டுவந்தார். இருநூற்றுப் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். முதல் இடத்தை அக்காவுக்காகக் காலியாக விட்டிருந்தார். "நீங்க போட்டாத்தான் கனம். கோலைப் பிடுங்கினவங்க நீங்க" என்றார். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். 'பெண் வேடமிட்ட ஆணை உடனே அகற்று' என்று தொடங்கியது.

"இவ வேடம் போடல. இந்த வரியை அடிச்சுடுங்க. 'எங்களை யார் தொடலாம்னு எங்களைக் கேளுங்க'ன்னு எழுதுங்க. இப்பவே போடறேன்" என்றாள்.

"அதுல சூடு இல்லையேம்மா."

"சூடு எதுக்கு? நாம என்ன சுட்டுக்கவா போறோம்?"

செயலாளர் பேனாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து, கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் அக்காவிடம் பேசவில்லை. 'விலை போயிட்டா' என்று யாரோ சொன்னது என் காதிலேயே விழுந்தது.

அடுத்த வாரம் வாசலுக்கு வெளியே இரண்டு கூட்டம் வந்து நின்றது. சாலைக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. இரண்டிலும் எங்கள் ஆலைக்காரர்கள் யாரும் இல்லை. ஒரு பக்கம் பெண்களின் உரிமை என்று பதாகை. அதில் நெட்டையின் படத்தைப் போட்டுச் சிவப்பில் குறுக்குக் கோடு. மறுபக்கம் மனிதர்களின் மதிப்பு என்று பதாகை. அதில் தங்கையின் படத்தைப் போட்டு, வெறுப்பு பிடித்தவள் என்று எழுதியிருந்தது. அந்தப் படம் எப்படிப் போயிற்று என்று தெரியவில்லை. ஆலை அடையாள அட்டைப் படம் அது. ஐந்து வருஷமாகப் புருஷன் கண்ணில் படாமல் ஒளிந்து வாழ்ந்தவளின் முகத்தைச் சாலையில் தூக்கிப் பிடித்தார்கள்.

நெட்டைக்கும் அதே கதிதான். குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு அறையைக் காலி செய்யச் சொன்னார். இரண்டு கூட்டமும் அக்காவைத் தேடி வந்தன. இரண்டுமே அவளைத் தங்கள் பக்கத்து ஆள் என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டன. "மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி, அது சரி. ரெண்டு பக்கமும் மாலை போட வந்ததை இப்பத்தான் பாக்கறேன்" என்று அக்கா என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

விசாரணை எச்.ஆர். அறையில் நடந்தது. நீள மேசை, குளிர்சாதனக் காற்று, கண்ணாடிச் சுவர். ஒரு பக்கம் தங்கை, எதிர்ப்பக்கம் நெட்டை. அக்கா நடுவில். தொழிலாளர் பக்கம் சாட்சியாகப் பொட்டலப் பிரிவில் இருந்து என்னை உட்காரவைத்திருந்தார்கள். அதனால் இதை நான் கண்ணால் பார்த்தே சொல்கிறேன்.

தங்கை தலை நிமிராமல் பேசினாள். "அவங்க தப்பா எதுவும் செய்யல. அதை எழுதிக்கோங்க. எனக்கு முடியல. அவ்வளவுதான். ஏன் முடியலைன்னு இந்த ரூம்ல சொல்ல மாட்டேன். சொன்னாத்தான் எனக்கு உரிமைன்னா, அந்த உரிமை எனக்கு வேணாம்."

நெட்டை மேசையில் கையைக் கோத்து வைத்திருந்தாள். "என்னை எங்க வேணும்னாலும் போடுங்க. ஆனா ஆபத்துன்னு எழுதி மாத்தாதீங்க. அந்த ஒரு வார்த்தை என் ஃபைல்ல ஏறிட்டா அப்புறம் எனக்கு எந்த வாசலும் இல்ல."

எச்.ஆர். மேடம் அக்காவின் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத்தான் அனுபவம். நீங்க சொன்னா எல்லாரும் கேப்பாங்க. ஒரே வார்த்தை போதும். இவங்க பெண்ணா, இல்லையா?"

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். "அதை முடிவு பண்ண நான் யாரு? நீங்கதான் யாரு? அவ தன்னைப் பொம்பளைன்னு சொல்றா. நான் அவளை அப்படித்தான் கூப்பிடறேன், கூப்பிடுவேன். ஆனா திரை கேட்டு உக்காந்தப்ப நாங்க கேட்டது ஏட்டுல என்ன எழுதியிருக்குன்னு இல்ல மேடம். எங்க உடம்பு மேல யார் கை படலாம்னு எங்களைக் கேக்கணும், வேணாம்னா வேணாம்தான். அதுதான் கேட்டோம். அதை நீங்க என் தங்கச்சிகிட்ட கேக்கல. இவகிட்டயும் கேக்கல."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவள் நேர்மையானவள், அதுதான் வினை. "என்கிட்டயும் கேக்கல. முதல் நாள் இவளைச் சோதிச்சப்ப எனக்குச் சங்கடமாத்தான் இருந்துச்சு. கை நடுங்குச்சு. அதைச் சொல்றதுக்கு எனக்கு இடம் இல்ல. சொன்னா நான் கெட்டவளாயிடுவேன்னு பயந்தேன்."

நெட்டை மெதுவாக அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

வெளியே வந்ததும் நடைபாதையில் அக்கா அவள் கையைப் பிடித்தாள். நெட்டை கையை இழுத்துக்கொள்ளவில்லை. "உங்க கை நடுங்கினது எனக்கு அப்பவே தெரியும் அக்கா. நாள் பூரா வேலை செஞ்ச அசதின்னு நெனச்சுக்கிட்டேன். அப்படி நெனச்சுக்கிறது எனக்குப் பழக்கம்" என்றாள்.

"நான் பொய் சொல்லியிருக்கணுமா?"

"வேணாம். ஆனா இத்தனை பேர் முன்னாடி சொல்லாம, சாப்பிடும்போது எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

நிர்வாகம் அக்காவின் வார்த்தையைப் பிடித்துக்கொண்டது. அவர்களுக்கும் தப்பிக்க ஒரு வழி வேண்டியிருந்தது. புதுத் தாள் ஒட்டினார்கள்: மூன்று திரைகளில் விருப்பமான வரிசையில் நிற்கலாம், யாரும் யாரையும் மாற்றி அனுப்பக் கூடாது. தங்கையை வேலைக்குத் திரும்ப எடுத்தார்கள். ஆனால் எச்சரிக்கைக் கடிதம் ஒன்று அவள் ஃபைலில் ஏறியது. பேருந்துகளைப் பத்து நிமிஷம் கூடுதலாகக் காத்திருக்கச் சொன்னார்கள். கூட்டங்கள் வேறு வாசலைத் தேடிக் கலைந்தன. தீர்ந்தது என்றே நினைத்தோம்.

முதல் நாள் மூன்றாவது வரிசையில் பதினோரு பேர் நின்றார்கள். அடுத்த வாரம் ஏழு. அதற்கடுத்த வாரம் நாலு. முன்பு அங்கே போனவர்களும், "ஏன் அங்க போறே?" என்று மற்றவர்கள் கேட்பதற்குப் பயந்து ஒதுங்கினார்கள். நெட்டை தினமும் கையுறையை மாட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் நிற்பாள். இரண்டு பக்கமும் வரிசைகள் நகரும். அவளுக்கு முன்னால் வெறும் தரை. அவள் பார்க்காத மாதிரி நிற்பாள். நாங்களும் பார்க்காத மாதிரி நகர்வோம். எங்கள் விருப்பத்தை நாங்கள் சொல்லலாம், அது சரி. அதைத் தினமும் இருநூறு தடவை அவள் முகத்துக்கு நேரே நின்று சொன்னோம்.

ஒருநாள் நான் மூன்றாவது வரிசைக்குப் போனேன். இரக்கத்தில்தான் போனேன், ஒளிப்பானேன்? நெட்டை, "தொடட்டுமா?" என்றாள். தலையாட்டினேன். பன்னிரண்டு வினாடி. அவள் கை உண்மையிலேயே லேசான கை. முடிந்ததும், "நாளைக்கு உங்க வரிசையிலேயே நில்லுங்க. பரிதாபத்துக்கு வர்றவங்களை எனக்குச் சோதிக்கத் தெரியல" என்றாள். நான் அதன்பிறகு போகவில்லை. அவள் சொன்னதால்தான் போகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அவள் பை மேசைக்கே திரும்பிப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தாள். எச்.ஆர். மேடம் மறுத்துவிட்டாள். திருநங்கையைத் திரையில் இருந்து அகற்றினால் பாரபட்சம் என்று கேள்வி வருமாம். அவளே கேட்டாலும் முடியாதாம். "என்னைக் காப்பாத்தறாங்களாம் அக்கா" என்று நெட்டை சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஐந்தாவது வாரம் ராஜினாமா செய்தாள். ஒரு சரக்குக் கிடங்கில் கண்காணிப்புத் திரைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிற வேலை கிடைத்தது. தனி அறை. யாரையும் தொட வேண்டியதில்லை. யாரும் அவளைத் தொட வேண்டியதும் இல்லை.

தங்கைக்கும் நிம்மதி வரவில்லை. அவளுடைய உடைமைப் பெட்டியின் கதவில் யாரோ ஆணியால் ஓர் அசிங்கமான வார்த்தையைக் கீறியிருந்தார்கள். வேறு சிலர் அவளைப் போராளி என்று கூப்பிட்டுக் கைகுலுக்க வந்தார்கள். அவளுக்கு இரண்டும் ஒன்றுபோலவே கூசியது. படம் வெளியே போனதில் இருந்து வீட்டுக்குப் போகும் வழியைத் தினமும் மாற்றினாள்.

அக்கா இன்னும் அதே வாசலில் இருக்கிறாள். பிரசவம் முடிந்து அந்தக் காவலாளி வந்துவிட்டாள். மூன்று வரிசையும் சமமாகப் போகின்றன. போன மாதம் வேறு ஊருக்கு மாறுகிற செய்தியைச் சொல்ல அக்கா வீட்டுக்குப் போனேன். பேச்சு எப்படியோ அங்கே போய்விட்டது. "மறுபடியும் அதே மேசையில உக்காரவச்சுக் கேட்டாங்கன்னா அதையேதான் சொல்வேன்" என்றாள். "என் தங்கச்சிகிட்ட கேட்டே ஆகணும். அதுல மாத்தம் இல்ல. ஆனா நான் சொன்னது சரியான்னு கேட்டா சரின்னு சொல்ல வாய் வரல. தீர்ப்பு நான் சொன்னேன். தண்டனை யாருக்குப் போச்சு பாரு." கொஞ்சம் பொறுத்து, "அவளுக்கும் ஒரு இடம் பண்ணிக் குடுக்கணும்னு எனக்குத் தோணவே இல்லையே. நாப்பது பேரை உக்காரவச்ச எனக்கு" என்றாள்.

வாசலில் இருமல் கேட்டது. வீட்டுக்காரர் கடைக்குக் கிளம்பினார். அவர் போனதும் தங்கை தேநீர் கொண்டுவந்து வைத்தாள். நாங்கள் எதைப் பேசுகிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நின்றபடியே சொன்னாள்.

"நேத்து பஸ்ல அவங்களைப் பாத்தேன்."

அக்கா நிமிர்ந்தாள். "யாரை? நெட்டையையா?"

"ம். ஒரே ஒரு சீட்தான் காலி. அவங்க பக்கத்துல. நான் நின்னுட்டே வந்தேன். அவங்க பாத்துட்டு எழுந்து போய்க் கதவுகிட்ட நின்னுக்கிட்டாங்க. 'ரெண்டு சீட்டும் காலிதான், உக்காருங்க, கால் வலிக்கும்'னாங்க."

"நீ உக்காந்தியா?"

"இல்ல. அவங்களும் உக்காரல. அவ்வளவு கூட்டத்துல ரெண்டு சீட்டும் கொஞ்ச நேரம் அப்படியே கெடந்துச்சு. அப்புறம் யாரோ ஒருத்தர் வந்து உக்காந்து, பக்கத்துல பையை வச்சுக்கிட்டார்."

"ஏதாச்சும் பேசினியா?"

தங்கை டம்ளரைப் பார்த்தபடி சொன்னாள். "அவங்க படத்தைப் போட்டது நான் இல்லைன்னு சொல்லணும்னு இருந்துச்சு. என் படத்தையும்தானே போட்டாங்க. வாய் திறக்கறதுக்குள்ள பஸ் நின்னுச்சு. எறங்கிட்டேன்."

"நம்ம ஸ்டாப்பா?"

"இல்ல. ரெண்டு ஸ்டாப் முன்னாடி."

அக்கா தேநீரை என் பக்கம் நகர்த்தினாள்.